ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்: வகுப்பறைக்கு ஆகுமா?

மலைக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். இந்தக் கோடை விடுமுறையில் ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம்: அமெரிக்காவில் டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற அண்ணன் தம்பி இருவர் 2002இல் தொடங்கி இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கும் கணினி ஆட்டம். 2006இல் பொதுவெளிக்கு வந்தது. அப்போது திரை முழுக்க எழுத்தும் குறியும்தான். படங்களோடு ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையில் வந்தது 2022 டிசம்பரில்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஓர் உலகம் பிறக்கிறது. மலை எழும்புகிறது, அரிக்கப்படுகிறது, ஆறு வழி தேடுகிறது. பிறகு மக்கள் வருகிறார்கள். அரசு, போர், கல்யாணம், சாவு என்று பல தலைமுறை ஓடுகிறது. நாம் அந்த வரைபடத்தில் ஓர் இடம் பார்த்து ஏழு ட்வார்ஃப்களை (கதைகளில் வரும் குள்ளர்கள்) ஒரு வண்டியோடு இறக்கிவிடுகிறோம். அவர்கள் தோண்டிக் கட்டுவதுதான் கோட்டை. அதற்குமேல் யாரையும் நேரடியாக நடத்திச் செல்ல முடியாது. "இங்கே தோண்டு", "இதைச் செய்" என்று குறித்து வைக்கலாம். யாருக்கு எப்போது மனம் வருகிறதோ அவர் வந்து செய்வார். வெற்றி என்று ஒன்று கிடையாது. "தோற்பதே வேடிக்கை" என்பதுதான் ஆடுகிறவர்களின் தாரக மந்திரம்.

எனக்குப் பிடித்தது காரணங்களின் சங்கிலி. ஒரு சின்ன உதாரணம்: நிலத்தடிக் காளானைப் பச்சையாகத் தின்றாலும், மதுவாக வடித்தாலும் விதை மிஞ்சும். சமைத்தால் விதை போய்விடும். சமையற்காரர் மும்முரமாக இருக்கும் கோட்டையில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே பஞ்சத்துக்குள் போகலாம்! விதைநெல்லைப் பற்றி நான் எவ்வளவு பேசினாலும் பிள்ளைகள் முகத்தில் வராத "அய்யோ" இதைப் பார்த்தால் வரும் என்று தோன்றுகிறது.

கேள்வி இதுதான். வகுப்பில் இதைப் பயன்படுத்த வழி உண்டா? மழைமறைவுப் பகுதி பாடத்துக்கு உலக உருவாக்கத்தைக் காட்டலாம் என்று நினைத்தேன். அதற்குமேல் யோசனை ஓடவில்லை.

---

கல்லுளிமங்கன்

வாங்க டீச்சர், நீங்களும் விழுந்தாச்சா. இனிமே வீட்டுல சாம்பார் அடிபிடிக்கும், பார்த்துக்குங்க.

மழைமறைவுன்னு சொன்னீங்களே, அதுக்குத் தனி சுவிட்சே இருக்கு. உலகம் உருவாக்கும்போது மேம்பட்ட அமைப்புகளுக்குள்ள போனா, மலையால வர்ற மழையும் மழைமறைவும் வேணுமா வேண்டாமான்னு ஒரு வரி வரும். ஒரே விதை எண்ணை (உலகம் எப்படி உருவாகணும்னு முடிவு பண்ற தொடக்க எண், செடி விதை இல்ல) வெச்சு ஒருதடவை "ஆம்", ஒருதடவை "இல்லை" போட்டு ரெண்டு உலகம் உருவாக்குங்க. ரெண்டு வரைபடத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, மலைக்கு ஒரு பக்கம் காடா இருக்கிறதும் மறுபக்கம் காய்ஞ்சு கிடக்கிறதும் எங்கே வந்துச்சு, எங்கே வரலன்னு பிள்ளைங்களே விரல் வெச்சுக் காட்டும். சின்னக்கல்லாறுல கொட்டித் தீர்க்கிற தென்மேற்குப் பருவமழை கோயம்புத்தூருக்கு ஏன் மிச்சம் வைக்கிறதில்லன்னு அப்புறம் கேளுங்க. மேற்குத் தொடர்ச்சி மலையை நிஜத்துல அணைச்சுப் பார்க்க முடியாது. இங்க முடியும்.

அப்புறம் பூனைக் கதை. கேள்விப்பட்டிருப்பீங்க, இருந்தாலும் சொல்றேன். 2015 டிசம்பர்ல ஆட்டத்துக்குள்ள சத்திரங்கள் வந்துச்சு. உடனே கோட்டைக் கோட்டையா பூனைங்க சாக ஆரம்பிச்சுது, காரணம் யாருக்கும் புரியல. சண்டை இல்ல, நோய் இல்ல. தோண்டிப் பார்த்தா இப்படி: சத்திரத்துல ட்வார்ஃப்கள் மதுவைத் தரையில சிந்துறாங்க. பூனை அதுல நடக்குது. பாதத்துல ஒட்டுது. பூனை தன்னை நக்கிச் சுத்தம் பண்ணுது. ஒரு நக்கல்ல எவ்வளவு உள்ள போகும்னு கணக்கு வெச்சதுல பிழை, ஒரு குவளை முழுசாப் போறதா நிரல் எடுத்துக்கிச்சு. பூனை உடம்பு சின்னது. போதை தலைக்கேறிச் செத்துது.

பூனையையும் மதுவையும் சேர்த்து யாரும் ஒரு வரி எழுதல, அதான் விஷயம். சிந்துறது, ஒட்டுறது, நக்குறது, உடம்பு எடைக்கு ஏத்த போதை, எல்லாம் தனித்தனியா எழுதினது.

---

வேம்பு

பேருக்கேற்ற மாதிரி கொஞ்சம் கசப்பாச் சொல்லிடறேன், யாரும் கோவிச்சுக்காதீங்க. என் பையன் ஒன்பதாம் வகுப்பு. அவன் இதை ஆடறான், நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கேன்.

> வகுப்பில் இதைப் பயன்படுத்த வழி உண்டா?

ஒரு பீரியட் 45 நிமிஷம். வருகைப்பதிவு, அமைதிப்படுத்தறது எல்லாம் போக அரை மணி. இந்த ஆட்டத்துல அரை மணியில என்ன நடக்கும்? ஒரு கதவு வைக்கக் கத்துக்கலாம். மெனுவுக்குள்ள மெனு, எல்லாம் ஆங்கிலம். தமிழ்வழிப் பிள்ளைங்க முதல் திரையிலயே நிக்கும், ஆங்கிலம் வர்ற நாலு பேர் மவுஸைப் பிடிச்சுக்குவாங்க, மீதி முப்பது பேர் வேடிக்கை பார்ப்பாங்க. இதுதான் நடக்கும்.

ரெண்டாவது, அந்தச் சண்டைக் குறிப்பு. எந்த விரல் போச்சு, தோல் கிழிஞ்சு கொழுப்பு கிழிஞ்சு தசை கிழிஞ்சு எலும்புல போய் நின்னுதுன்னு வரி வரியா வரும். என் பையன் புவியியல் படிக்கறதுக்காக அதைத் திறக்கல, அதைப் படிக்கத்தான் திறக்கறான். சாராயம் வடிக்கலன்னா ட்வார்ஃப் வேலையே ஓடாது. பெற்றோர் கூட்டத்துல இதை யார் விளக்கப் போறீங்க?

ஆட்டம் கெட்டதுன்னு சொல்ல வரல. வீட்டுல ஆடட்டும். பள்ளிக்கூடம்னு வந்தா கணக்கு வேற.

---

கல்லுளிமங்கன்

மெனு விஷயத்துல அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. சாராயத்துக்கு என்கிட்ட பதில் இல்ல. பழரசம்னு மொழிபெயர்த்துட வேண்டியதுதான் :)

---

சார்னோக்கைட்

நிலவியல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் பல்லாவரத்துக் கல்லின் பெயர். இந்த ஆட்டத்தில் அந்தக் கல் இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. நைஸ் இருக்கிறது, சிஸ்ட் இருக்கிறது, பசால்ட், ஆண்டிசைட், ரையோலைட் வரை இருக்கிறது. போகட்டும்.

கனிமங்கள் எல்லாம் உண்மைப் பெயரில்தான் வருகின்றன. செம்புக்கு மாலகைட், வெள்ளீயத்துக்குக் காசிட்டரைட், ஈயமும் வெள்ளியும் சேர்ந்து வரும் கலீனா. எஃகு வேண்டும் என்றால் இரும்பு மட்டும் போதாது; நிலக்கரியோ மரக்கரியோ வேண்டும், சுண்ணாம்புக்கல் அல்லது டோலமைட் போன்ற இளக்கி (உருக்கும்போது கசடைப் பிரிக்க உதவும் கல்) வேண்டும். நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் படிவுப் பாறையில் கிடைப்பவை. ஆக, எஃகு ஆசை உள்ளவர் படிவுப் பாறை உள்ள இடம் தேடித்தான் குடியேறுவார். அரியலூரில் ஏன் இத்தனை சிமெண்ட் ஆலைகள் என்ற கேள்விக்கும் இதற்கும் ஒரே வேர்.

ஆனால் பிள்ளைகளுக்குக் காட்டும்போது ஒன்றில் எச்சரிக்கை. ஆட்டத்தில் மேக்னடைட் படிவுப் பாறையில் மட்டுமே கிடைக்கும். சேலத்துக் கஞ்சமலை என்ன? மேக்னடைட் குவார்ட்சைட். உருமாறிய பாறை. ஆட்டத்தின் விதிப்படி பார்த்தால் கஞ்சமலையில் இரும்பே இருக்கக் கூடாது!

நான் ஆசிரியராக இருந்தால் இதைத்தான் கேள்வியாகக் கொடுப்பேன். "இந்த விதி கஞ்சமலைக்கு ஏன் பொருந்தவில்லை?" பழங்காலத்தில் கடலடியில் இரும்பும் சிலிக்காவுமாகப் படிந்தது, பின்னர் புவியின் அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறியது. படிவு என்று தொடங்கியது படிவாகவே இருக்கவில்லை. ஆட்டம் முதல் பாதியைச் சொல்கிறது, இரண்டாம் பாதியை விட்டுவிட்டது. பாடப்புத்தகத்தின் மூவகைப் பாறை அட்டவணையும் பெரும்பாலும் அங்கேயேதான் நிற்கிறது. பிள்ளைகள் ஆட்டத்தைக் கேள்வி கேட்கத் துணிவார்கள், புத்தகத்தைக் கேட்கத் தயங்குவார்கள். அந்தத் துணிச்சலை வாங்கிக்கொள்ளலாமே.

---

நீர்ச்சக்கரம்

சார்னோக்கைட் ஐயா சொன்னதில் கடைசிப் பத்தியை அப்படியே வழிமொழிகிறேன். பாலிடெக்னிக்கில் இயற்பியல் எடுக்கிறேன். எனக்கு இந்த ஆட்டம் சரியாகச் செய்வதைவிடத் தப்பாகச் செய்வதுதான் அதிகம் பயன்பட்டது.

என் பெயருக்குக் காரணமான நீர்ச்சக்கரத்தையே எடுங்கள். ஆட்டத்தில் ஒரு நீர்ச்சக்கரம் 100 அலகு ஆற்றல் தரும். தண்ணீரை மேலேற்றும் திருகு பம்ப் கேட்பது 10 அலகு. இரண்டையும் இணைத்து வைத்தால் பம்ப் ஏற்றிவிடும் தண்ணீரே சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் பம்பை ஓட்டும், மிச்ச ஆற்றலில் மாவு மில்லும் ஓட்டலாம். நித்திய இயந்திரம்! மாணவர்களிடம் இதைக் காட்டி "எந்த விதி உடைகிறது, எந்த இடத்தில்?" என்று கேட்டேன். ஆற்றல் அழிவின்மை விதியை ஒப்பிக்கத் தெரிந்தவர்கள் பலர், அது உடைகிற இடத்தில் கை வைக்கத் தெரிந்தவர்கள் சிலர். உராய்வு என்றார்கள். உராய்வே இல்லாவிட்டாலும் இது நடக்காது என்று புரிய வைக்கப் பாதி வகுப்பு போயிற்று. நல்ல வகுப்பு.

சரியாகச் செய்வதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டத்துக்கென்று ஒரு வெப்ப அளவுகோல் உண்டு, ட்வார்ஃப்களின் பொதுப் பெயரான உரிஸ்ட் என்றே அதையும் சொல்வார்கள். பாரன்ஹீட்டோடு 9968 கூட்டினால் உரிஸ்ட். தண்ணீர் உறைவது 10000, மாக்மா 12000. மாணவரிடம் இரண்டையும் செல்சியஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். மாக்மா ஏறத்தாழ 1111 டிகிரி வரும். செம்பின் உருகுநிலை 1085, இரும்பு 1538. ஆகவே மாக்மாவை இறைக்கச் செம்புக் குழாய் வைத்த பம்ப் என்ன ஆகும், இரும்பு வைத்தால் என்ன ஆகும் என்பதை ஆட்டத்தைத் திறக்காமலே சொல்லிவிடலாம். சொன்ன பிறகு திறந்து பாருங்கள். அப்படியே நடக்கும். வேம்பு அம்மா, இதற்கு மெனு தெரிய வேண்டியதில்லை, ஒரு கரும்பலகையும் ஒரு புரொஜெக்டரும் போதும்.

---

வேம்பு

அப்போ ஆடவே விடமாட்டீங்க, காட்ட மட்டும் செய்வீங்க? அதுக்கு எதுக்கு ஆட்டம், ஒரு வீடியோ போதாதா?

---

நீர்ச்சக்கரம்

வீடியோவில் மாணவர் "சார், குழாயை வெண்கலமாக மாற்றிப் பாருங்கள்" என்று கேட்க முடியாது.

---

பைட்டுப்பொட்டலம்

உள்ளே வரலாமா? வேலை மென்பொருள், பொழுதுபோக்கு கோட்டை.

படமில்லாத ஆட்டம் வகுப்புக்கு ஆகுமா என்று யாராவது கேட்பார்கள், அதற்கு முன்னாடியே: தி ஒரிகன் டிரெய்ல் பிறந்ததே வகுப்பறையில்தான். 1971இல் மினியாபொலிஸில் பயிற்சி ஆசிரியர்கள் மூன்று பேர் எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்காக எழுதியது. திரைகூடக் கிடையாது, டெலிடைப் என்ற தட்டச்சுக் கருவியில் காகிதத்தில் அச்சாகி வரும்.

கணினி ஆய்வகம் பற்றி நடைமுறையாகச் சொல்ல வேண்டியது இது. ஸ்டீம் பதிப்புக்குக் காசு. பழைய எழுத்துக்குறிப் பதிப்பு ஆடம்ஸ் சகோதரர்களின் பே 12 கேம்ஸ் தளத்தில் இன்றும் இலவசம், நிறுவத் தேவையில்லை, பென்டிரைவில் கோப்புறையைப் போட்டே ஓட்டலாம். பள்ளிக் கணினிகளில் பெரிய உலகம் உருவாக்க வேண்டாம், மிகச் சிறிய அளவே போதும். 17க்கு 17 கட்டம்தான், சட்டென்று முடியும்.

கோட்டையில் ஆள் கூடக்கூட ஆட்டம் ஊர்ந்து போகும். ஒவ்வொரு ட்வார்ஃபும் ஒவ்வொரு பூனையும் எங்கே போக வேண்டும் என்று வழி தேடிக்கொண்டே இருப்பதும் அதற்கு ஒரு பெரிய காரணம். பிளஸ் டூ கணினி அறிவியலில் அல்காரிதத்தின் திறன் பற்றி வருகிறதே, அதற்கு இதைவிடக் கண்ணால் பார்க்கிற உதாரணம் எனக்குத் தெரியாது. தாழ்வாரத்தை ஓர் ஆள் அகலத்தில் வெட்டினால் என்ன, மூன்று ஆள் அகலத்தில் வெட்டினால் என்ன, தேவையில்லாத கதவைப் பூட்டினால் என்ன, ஒவ்வொன்றுக்கும் திரையில் ஓடும் எஃப்பிஎஸ் எண் (ஆட்டம் நொடிக்கு எத்தனை சட்டகம் ஓடுகிறது என்ற கணக்கு) மாறுவதைப் பார்க்கலாம்.

---

மட்டுநகரான்

வணக்கம் எல்லாருக்கும். மட்டக்களப்பில இருந்து. நான் வரலாறு படிப்பிக்கிறனான். பின்னேரத்தில பள்ளிக்கூடக் கழகம் ஒண்டு நடத்துறம், அதில இந்த விளையாட்டைப் பாவிச்சுப் பாத்தம். பாடவேளையில இல்லை. வேம்பு அக்கா சொன்ன நேரப் பிரச்சினை மெய்தான்.

நாங்கள் செய்தது விளையாட்டே இல்லை. இதில "லெஜெண்ட்ஸ்" எண்டு ஒரு பகுதி இருக்குது தெரியுமே. உலகத்தில ஆர் பிறந்தது, ஆர் ஆரைக் கொண்டது, எந்த ஊர் எந்த ஆண்டில அழிஞ்சது எல்லாம் பதிவாயிருக்கும். முதல்ல அதைத்தான் பிள்ளையளுக்குக் காட்டினன். ரெண்டு கிழமையில சலிச்சுப் போச்சு. ஏனெண்டா அதில எல்லாம் உண்மை. சந்தேகமே இல்லாத வரலாறு வரலாறே இல்லை. ஆதாரம் முரண்பட வேணும், பாதி அழிஞ்சு கிடக்க வேணும்.

பிறகுதான் சுவர்ச் சித்திரம் ஞாபகம் வந்தது. சுவரை மட்டமாக்கிப்போட்டுச் செதுக்கச் சொன்னா, ட்வார்ஃப் தன்ர விருப்பத்துக்கு ஏதாவது செதுக்கும். சிலது வெறும் செடி, மிருகம், வட்டம் சதுரம். சிலதில "இன்னார் இன்னாரை வெட்டி வீழ்த்துகிறார், இது இந்த ஆண்டில் இந்த இடத்தில் நடந்ததைக் குறிக்கிறது" எண்டு விவரணை வரும். அந்த விவரணையளை மட்டும் தமிழில எழுதித் துண்டு துண்டா வெட்டிப் பிள்ளையளுக்குக் குடுத்தன். லெஜெண்ட்ஸைக் காட்டவே இல்லை. "இந்தச் சுவரில இருந்து இந்த ஊரின்ர வரலாற்றை எழுதுங்கோ."

என்ன நடந்ததெண்டா, ஒரு குழு ஒரு தளபதியைப் பெரிய வீரனாக்கிப் போட்டுது, அவன்தான் கனக்கச் சுவரில வாறான் எண்டு. மற்றக் குழு கேட்டுது, செதுக்கினவங்கள் எல்லாரும் அவன்ர ஆக்கள்தானே, தோத்த சண்டையைச் செதுக்குவினமோ எண்டு. தரம் 10 பிள்ளையள்! நான் ஒரு சொல்லும் எடுத்துக் குடுக்கேல்லை. அதுக்குப் பிறகு லெஜெண்ட்ஸைத் திறந்தம். அந்தத் தளபதி வெண்ட சண்டை ஒண்டு, தோத்தது கனக்க.

---

மலைக்காற்று

மட்டுநகரான் சார், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சோழர் மெய்க்கீர்த்தி நடத்தும்போது நான் தலைகீழாய் நின்று சொல்லும் விஷயம் இது. "திருமகள் போல" என்று தொடங்கி இராசராசன் வென்ற நாடுகளின் வரிசை வரும். மன்னர் தன் கல்வெட்டில் தோல்வியை வெட்டமாட்டார் என்று நானே சொல்லிவிடுகிறேன், அவர்கள் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். மெய்க்கீர்த்தியை நம்பாதே என்பதல்ல, யார் செலவில் வெட்டியது என்று பார் என்பது.

நிஜக் கல்வெட்டில் இல்லாத ஒரு வசதியும் இதில் இருக்கிறது. கடைசியில் விடைத்தாளைத் திறந்து பார்க்கலாம்.

இரண்டு சந்தேகம். செதுக்கியது முழுக்கத் தளபதி ஆட்களா, அல்லது அது பிள்ளைகளின் ஊகமா? பதிவு செய்து வைத்திருந்தால் சொல்லுங்கள். அடுத்தது, இதற்கு ஒரு கோட்டை தயாராக வேண்டும், நிறையச் சுவர்களோடு. என் கோட்டை இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை.

---

மட்டுநகரான்

ஊகம்தான் டீச்சர். விளையாட்டு அப்பிடிக் கட்சி பாத்துச் செதுக்காது. செதுக்கிறவையின்ர விருப்பு வெறுப்பும், தற்செயலும். அதையும் பிள்ளையளுக்குப் பிறகு சொன்னன். "அப்ப எங்கட விளக்கம் பிழையா சேர்?" எண்டு கேட்டினம். விளக்கம் பிழை, கேள்வி சரி எண்டன். அதில கொஞ்சப் பேருக்குத் திருப்தி இல்லை.

---

வேம்பு

இது எனக்குப் பிடிச்சிருக்கு. மவுஸுக்கு அடிச்சுக்க வேண்டாம், ஆங்கிலத் தடை இல்ல, எல்லார் கையிலயும் ஒரு துண்டு இருக்கு. சண்டைக் குறிப்பும் வடிகட்டிக் கொடுக்கலாம்.

ஆனா ஒண்ணு. டீச்சர் ஒரு பாடத்துக்காக எத்தனை ராத்திரி உட்கார்ந்து கோட்டை கட்டி, சுவர் படிச்சு, தமிழ்ல எழுதி, வெட்டி எடுப்பாங்க? ஆர்வம் இருக்கிற ஒருத்தர் செய்வார். அவர் மாற்றலாகிப் போனா அதோட போச்சு. இதுக்கு யாரும் பதில் சொல்லல.

---

பைட்டுப்பொட்டலம்

சேமித்த கோப்புறையையும் துண்டுகளையும் ஒருவர் செய்து பொதுவில் வைத்தால் மற்றவர் எடுத்துக்கொள்ளலாமே. அதே பதிப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

---

வேம்பு

செய்யலாம். யார் செய்வாங்கங்கறதுதான் என் கேள்வி. நம்ம ஊர்ல பொதுவுல வெச்ச கேள்வித்தாள் தொகுப்பு கிடைக்கும், இந்த மாதிரி ஒண்ணு கிடைச்சு நான் பார்த்ததில்ல.

---

கல்லுளிமங்கன்

டீச்சர், என் பழைய கோட்டை ஒண்ணு இருக்கு. சாப்பாட்டு மண்டபம், படுக்கையறை, தாழ்வாரம் எல்லாம் செதுக்கி வெச்சது. தரேன். முன்கூட்டியே சொல்லிடறேன், ஒரு செதுக்குக்காரருக்குப் பாலாடைக்கட்டி மேல தனிக் காதல். பாதிச் சுவர்ல அதுதான். அதை எடுத்துடவா?

---

சார்னோக்கைட்

எடுக்காதீர்கள். கல்வெட்டு தேடிப் போகிறவருக்கு முக்கால்வாசிக் கல்லில் ஒன்றுமே இருக்காது. பிள்ளைகள் அதையும் பார்க்கட்டும். பாலாடைக்கட்டி அந்த ஊரில் கடவுளா உணவா என்று ஒரு குழு நிச்சயம் சண்டை போடும்.

---

மலைக்காற்று

அப்படியே அனுப்புங்கள், பாலாடைக்கட்டியோடு. வகுப்பில் செய்யாமல் வரலாற்று மன்றத்தில் செய்து பார்க்கிறேன். துண்டுகளைத் தமிழில் எழுதி முடித்ததும் இங்கேயே போடுகிறேன், வேம்பு அம்மாவின் கேள்விக்கு அது பாதிப் பதிலாவது ஆகும். மழைமறைவு வரைபடங்களை மட்டும் வகுப்பிலேயே காட்டுவேன்.

---

மட்டுநகரான்

டீச்சர், ஒரு விஷயம் மறக்காதேங்கோ. கோட்டை ஓடிக்கொண்டிருக்கிற உலகத்தில லெஜெண்ட்ஸைத் திறக்க ஏலாது. கோப்புறையை முதல்ல ரெண்டாப் பிரதி எடுங்கோ. ஒண்டில கோட்டையை ஓய்வுக்கு அனுப்பிப்போட்டு லெஜெண்ட்ஸ் பாக்கலாம், மற்றதைச் சுவர் பாக்கிறதுக்கு வையுங்கோ. அதையும் இடைநிறுத்தத்திலயே வைச்சிருங்கோ. ஒரு பொடியன் ஸ்பேஸ்பாரைத் தட்டிப்போட்டுத் தண்ணி குடிக்கப் போனா, திரும்பி வரேக்க அங்க பூதம் நிக்கும்.